கே. பி. சுந்தராம்பாள் (1908–1980): நாடக மேடையும் வெள்ளித்திரையும் – ஒரு கலைவாழ்வின் வரலாற்று மறுவாசிப்பு

1. முன்னுரை

தமிழ்ப் பொதுமக்களின் நினைவில் கே. பி. சுந்தராம்பாளுக்கு இரண்டு உருவங்கள் உள்ளன. ஒன்று, மறைந்த கணவர் எஸ். ஜி. கிட்டப்பாவின் நினைவிலேயே வாழ்நாளைக் கழித்த வெள்ளாடைப் பெண்மணி. மற்றொன்று, கையில் கோலும் நெற்றியில் திருநீறும் கொண்டு திரையில் தோன்றிய ஔவை மூதாட்டி. இவ்விரு உருவங்களும் பொய்யானவை அல்ல. ஆயினும், அவை இரண்டும் சேர்ந்து மூன்றாவது உருவம் ஒன்றை மறைத்துவிட்டன. தன் குரலின் மதிப்பை அறிந்து விலை பேசியவர், எந்தப் பாத்திரத்தை ஏற்பது, எதனை மறுப்பது என்பதைத் தாமே வகுத்துக்கொண்டவர், தேர்தல் மேடையிலும் சட்ட மேலவையிலும் இடம்பெற்றவர் என்ற தொழிற்கலைஞரின் உருவமே அது.

தமிழ் நாடக, திரைப்பட வரலாறுகளில் தொடக்ககால நடிகையரைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் வாழ்க்கைத் துணுக்குகளாகவே கிடைக்கின்றன. அவற்றுள் பக்தியும் கண்ணீரும் மிகுதி. தொழில், ஊதியம், ஒப்பந்தம், அரசியல் ஆகியன குறைவு. இக்கட்டுரை சுந்தராம்பாளின் வாழ்வை அக்குறைவான பகுதியிலிருந்து தொடங்கி நோக்குகிறது. 25ஆம் வயதில் அவர் மேற்கொண்ட கைம்மைக் கோலம், எஞ்சிய 47 ஆண்டுகாலக் கலைவாழ்வை எவ்வாறு வடிவமைத்தது, அதனால் அவர் பெற்றது யாது, இழந்தது யாது என்பனவே இங்கு எழுப்பப்படும் வினாக்கள்.

2. காவிரிக்கரையும் தொடர்வண்டியும்

சுந்தராம்பாள் 1908ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கொங்கு நாட்டில், காவிரிக்கரையில் அமைந்த கொடுமுடியில் பிறந்தார். தேவாரப் பாடல் பெற்ற கொங்கு நாட்டுத் தலங்களுள் ஒன்று அவ்வூர். தாயார் பாலாம்பாள், உடன்பிறந்தவர்களுள் கனகசபாபதி என்பவர் பிற்காலத்தில் அவருடைய தொழில்வாழ்வில் துணைநின்றவர். அவருடைய பெயரின் முன்னெழுத்துகளுள் ஒன்று ஊரையும் மற்றொன்று தாயையும் குறிக்கின்றன. தந்தையின் பெயரை முன்னெழுத்தாகக் கொள்ளும் வழக்கத்திற்கு மாறான இப்பெயரமைப்பு, அக்காலக் கலைப்பெண்டிர் பலரிடம் காணப்படுவதாகும்.

இளமை வறுமை நிறைந்தது. தொடர்வண்டியில் பாடிப் பொருள் பெற்ற சிறுமியின் குரலைக் கேட்டவர், திருச்சிராப்பள்ளியில் ரயில்வே அதிகாரியாகவும் நாடக ஆர்வலராகவும் விளங்கிய எஃப். ஜி. நடேச ஐயர் என்றும், அவர் வழியாகவே சுந்தராம்பாள் நாடகத் துறைக்கு அறிமுகமானார் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. வேலு நாயரின் நாடகக் குழுவில் 'நல்லதங்காள்' நாடகத்தின் குழந்தைப் பாத்திரம் அவருக்குத் தொடக்கமாக அமைந்தது. பஞ்சத்தால் பெற்ற மக்களைக் கிணற்றில் எறிந்து தானும் மாயும் தாயின் கதை அது. பசித்த குழந்தையின் அழுகையை மேடையில் பாடும் பாத்திரத்துக்குப் பசியை அறிந்த ஒரு குழந்தையே கிடைத்தமை தற்செயலன்று. அக்கால நாடகக் குழுக்கள் சிறுவர் சிறுமியரைப் பெற்றது பெரும்பாலும் வறிய குடும்பங்களிலிருந்தே. சோறும் தங்குமிடமும் தொழிற்பயிற்சியும் ஒருங்கே கிடைத்த இடம் நாடகக் கொட்டகை. இதனை மறந்து, அவர்களுடைய வருகையைக் கலையார்வத்தால் மட்டும் விளக்குவது பொருந்தாது.

3. ஸ்பெஷல் நாடகமும் நடிகையின் நிலையும்

இருபதாம் நூற்றாண்டின் முதற் கால்பகுதியில் தமிழ் நாடகத் தொழில் இரண்டு அமைப்புகளில் இயங்கியது. சிறுவர்களை ஓரிடத்தில் தங்கவைத்துப் பயிற்றுவித்து நடிக்கச் செய்த 'பாய்ஸ் கம்பெனிகள்' ஒருபுறம். தனித்தனியாக ஒப்பந்தம் செய்யப்பட்ட நடிகர்கள் குறித்த நாளில் குறித்த ஊரில் கூடி, ஒத்திகையின்றி நடித்த 'ஸ்பெஷல் நாடகம்' மறுபுறம். இரண்டாம் அமைப்பு இயங்கியதற்குக் காரணம், சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய நாடகப் பனுவல்கள் எல்லா நடிகருக்கும் பொதுச்சொத்தாக விளங்கியமையே. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி போன்ற நாடகங்களின் பாடல்களையும் உரையாடல்களையும் மனப்பாடமாக அறிந்த நடிகர் எவரும், முன்பின் அறியாத மற்றொரு நடிகருடன் அன்றிரவே மேடையேற இயலும்.

பெண் கலைஞரைப் பொறுத்தவரை இவ்வமைப்பின் சிறப்பு குறிப்பிடத்தக்கது. பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேடங்களைச் சிறுவர்களே ஏற்றனர். அங்குப் பெண்களுக்கு இடமில்லை. ஸ்பெஷல் நாடகத்திலோ நடிகை தனக்கெனத் தனி ஒப்பந்தமும் தனி ஊதியமும் உடையவராக இருந்தார். அது மட்டுமன்று. 'வள்ளி திருமணம்' நாடகத்தின் உயிர்நிலை, தினைப்புனம் காக்கும் வள்ளிக்கும் வேடனாக வரும் முருகனுக்கும் இடையே நிகழும் தர்க்கமாகும். எழுதப்பட்ட பாடலைப் பாடி முடிப்பதுடன் அது அமைவதில்லை. கேள்விக்கு எதிர்க்கேள்வி, பாட்டுக்கு எதிர்ப்பாட்டு, சுரத்துக்கு எதிர்ச்சுரம் என விடியும்வரை நீளும். அத்தகைய மேடையில் நடிகை, நாயகனுக்குச் சமமான போட்டியாளராக நின்றாலன்றி நாடகம் நடவாது. ஒலிபெருக்கியில்லாத கொட்டகையில் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். உச்ச சுருதியில் எழுத்துப் பிசகாது ஒலிக்கும் சுந்தராம்பாளின் குரல் இப்பள்ளியில் உருவானது.

இத்தனை திறன் வேண்டப்பட்ட அவ்வேளையிலேயே, மேடையேறும் பெண் குடும்ப மதிப்புக்குப் புறம்பானவர் என்று கருதப்பட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே தனி நாடகக் குழு நடத்திப் பெரும்புகழ் பெற்ற போதிலும் இக்கருத்து மாறவில்லை. தேவதாசி முறை ஒழிப்பு குறித்த விவாதம் 1920களின் இறுதியில் சென்னைச் சட்ட சபையில் வலுப்பெற்றபோது, பொதுவெளியில் பாடும் பெண்ணின் ஒழுக்கம் பற்றிய கேள்வி மேலும் கூர்மையடைந்தது. சுந்தராம்பாள் புகழின் உச்சத்தை நோக்கி ஏறிய ஆண்டுகளும் அவையே.

4. கொழும்பு மேடை

தமிழகத்து நாடகக் கலைஞர்களின் தொழிற்பரப்பு சென்னை மாகாண எல்லையுடன் நின்றதில்லை. இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் குடியேறிய தமிழர்களும் இலங்கையின் பூர்விகத் தமிழர்களும் அவர்களுக்கு நிலையான பார்வையாளராக விளங்கினர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிப் படகுச் சேவை ரயில் பாதைகளுடன் இணைக்கப்பட்ட பின்னர், சென்னையில் ஏறியவர் கொழும்பில் இறங்கும் பயணம் எளிதாயிற்று. 'போட் மெயில்' என்று அறியப்பட்ட அவ்வழியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் வணிகரும் மட்டுமல்லாது ஆர்மோனியப் பெட்டியும் வேடப் பெட்டியும் பயணம் செய்தன. கடல்கடந்த தமிழ்ச் சமூகங்கள் தாயகக் கலையைப் பெற்றுக்கொண்டவை மட்டுமே என்று கருதுவது வழக்கம். சுந்தராம்பாளின் வரலாறு இக்கருத்தைத் திருத்துகிறது. அவருடைய புகழ் வளர்ந்த களங்களுள் முதன்மையானது இலங்கை. அவருடைய வாழ்வின் போக்கை மாற்றிய சந்திப்பும் அங்கேயே நிகழ்ந்தது.

செங்கோட்டையில் 1906இல் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா, கன்னையா கம்பெனியின் நாடகங்களில் நடித்துத் தமிழகமெங்கும் அறியப்பட்டவர். எட்டாத சுருதியிலும் அலட்டலின்றிச் சஞ்சரிக்கும் அவருடைய குரலுக்கு எதிரே நின்று பாடுவது எளிதன்று என்ற அச்சம் நடிகர்களிடையே இருந்தது. 1926இல் கொழும்பில் சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் 'வள்ளி திருமண'த்தில் இணைந்து நடித்தனர். வள்ளியின் குரல் வேடனின் குரலுக்குத் தாழவில்லை என்பதை இலங்கைப் பார்வையாளர்கள் முதலில் அறிந்துகொண்டனர். இந்த இணை பின்னர் தமிழகத்தில் பெற்ற வரவேற்புக்கு அடித்தளம் அங்கேயே இடப்பட்டது எனலாம்.

5. மணவாழ்வும் மரணமும் வெள்ளாடையும்

1927இல் சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் மணம் புரிந்துகொண்டனர். கிட்டப்பா அந்தணர், முன்னரே மணமானவர். சென்னை மாகாணத்தில் இருதார மணம் 1949ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இந்து ஆடவருக்குத் தடைசெய்யப்பட்டிருக்கவில்லை. எனவே, சட்டம் குறுக்கே நிற்கவில்லை; சமூகம் நின்றது. சாதி எல்லையைத் தாண்டிய இரண்டாம் மணம் என்ற நிலையில், மேடைக்கு வெளியே மனைவி என்ற தகுதி சுந்தராம்பாளுக்கு எளிதில் வாய்த்ததாகத் தெரியவில்லை. அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் சில பிற்காலத்தில் அச்சேறியுள்ளன. அவற்றில் பேசுபவர், பின்னாளைய கதைகள் காட்டும் அமைதியான பதிவிரதை அல்லர். அன்பும் ஊடலும் மானமும் கோபமும் கொண்ட பெண். புறக்கணிப்பைக் கண்டு வாளாவிராமல் நியாயம் கேட்பவர். இக்கடிதங்களைக் காதலின் சான்றாக மட்டும் வாசித்துவிட்டு, அவற்றிலுள்ள முறையீட்டைக் கடந்து செல்வது வாசகர் செய்யும் அநீதியாகும்.

கிட்டப்பா 1933 டிசம்பர் 2ஆம் நாள், 27ஆம் வயதில் காலமானார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. அவர் வெள்ளாடை அணிந்தார், அணிகளைத் துறந்தார், இனி ஆடவருக்கு இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். அவ்வுறுதியை இறுதிவரை காத்தார் என்பதில் ஐயமில்லை.

இம்முடிவின் பொருளை மூன்று தளங்களில் நோக்குதல் தகும். முதலாவது, அது உண்மையான துயரத்தின் வெளிப்பாடு. அதனைத் தந்திரமாகச் சுருக்குவது சான்றுகளுக்கு ஒவ்வாதது. இரண்டாவது, அது ஓர் உரிமைக் கோரிக்கை. வாழ்ந்தபோது முழுமையாக ஒப்புக்கொள்ளப்படாத மனைவி என்னும் தகுதியை, கைம்பெண் கோலத்தின் வாயிலாக அவர் ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டினார். கைம்மை நோன்பு மனைவிக்கே உரியது. அதனை ஏற்றவரை மனைவியல்லர் என எவரும் சொல்ல இயலாது. மூன்றாவது, அது தொழில்வாழ்வின் மறுசீரமைப்பு. நடிகையின் ஒழுக்கத்தைப் பற்றி ஓயாது கேள்வி எழுப்பிய சமூகத்தின் வாயை அவ்வெள்ளாடை அடைத்தது. எந்தச் சமூக நிறுவனம் பெண்ணைப் பொதுவெளியிலிருந்து விலக்கி மூலையில் இருத்துவதற்கென ஏற்பட்டதோ, அந்நிறுவனத்தின் அடையாளத்தையே அணிந்துகொண்டு அவர் மீண்டும் பொதுவெளிக்கு வந்தார். கைம்பெண்ணின் முகத்தில் விழிப்பதே தீநிமித்தம் என்று நம்பிய காலத்தில், பல்லாயிரவர் பணம் கொடுத்து ஒரு கைம்பெண்ணைக் காணவும் கேட்கவும் திரண்டனர் என்பது தமிழ்ச் சமூக வரலாற்றில் இன்னும் போதிய கவனம் பெறாத செய்தியாகும்.

6. ஓர் இலட்சம் ரூபாயும் நந்தனாரும்

1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' சுந்தராம்பாளின் முதல் திரைப்படம். மாணிக்லால் டாண்டன் இயக்கிய இப்படத்தில் நந்தனாராக அவரே நடித்தார். இதற்காக அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். தமிழ்த் திரையுலகில் அதுவரை எந்தக் கலைஞரும் பெற்றிராத தொகை என இது குறிக்கப்படுகிறது. படத்தயாரிப்பாளரைத் தவிர்ப்பதற்காகவே அவர் அத்தொகையைக் கேட்டார் என்றும், எதிர்பாராத வகையில் தயாரிப்பாளர் உடன்பட்டார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. இச்செய்தியின் அமைப்பே நோக்கத்தக்கது. பெண் ஒருவர் தம் உழைப்புக்குப் பெருந்தொகை கேட்டுப் பெற்றதை நேராகச் சொல்லத் தயங்கும் மரபு, அதனை மறுப்பாகவும் தற்செயலாகவும் மாற்றிச் சொல்கிறது. கேட்டவர் அவர்; பெற்றவரும் அவர். மேடையிலும் இசைத்தட்டிலும் தம் குரல் ஈட்டித்தந்த வருவாயைப் பல ஆண்டுகள் கண்டவருக்குத் தம் சந்தை மதிப்புத் தெரியாதிருந்திருக்கும் என்று கொள்வதற்கு இடமில்லை.

பாத்திரத் தேர்வு அதனினும் நுட்பமானது. ஆடவருக்கு இணையாக நடிப்பதில்லை என்ற உறுதியைக் காக்கும் வழிகளுள் ஒன்று, தாமே ஆடவராக நடிப்பது. ஸ்பெஷல் நாடக மேடையில் பெண்கள் ஆண் வேடம் ஏற்பது புதிதன்று. ஆனால், நந்தனார் வெறும் ஆண் வேடம் அல்லர். சேக்கிழார் திருநாளைப்போவாராகப் பாடிய புலையர் குலத்து அடியார். கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் வேதியர் என்னும் பண்ணையாரைப் படைத்துச் சேர்த்ததன் வாயிலாக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பண்ணையடிமை நிலையைப் பாட்டில் கொணர்ந்த கதையின் நாயகர். கோயிலின் வெளியே நிறுத்தப்பட்டவரின் கதை அது. படம் வெளிவருவதற்கு ஓராண்டு முன்னர், 1934 தொடக்கத்தில், காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணமாகத் தமிழகமெங்கும் வந்து சென்றிருந்தார். மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் திறக்கப்பட 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையில் திரையில் நின்று கோயிலுக்குள் வழி கேட்ட நந்தனாரின் குரல் ஒரு கைம்பெண்ணின் குரலாக அமைந்தது. மங்கலச் சடங்குகளிலிருந்து விலக்கப்பட்ட ஒருவர், கோயிலிலிருந்து விலக்கப்பட்ட மற்றொருவராகப் பாடினார்.

வேதியராக நடித்தவர் கருநாடக இசையின் பெருவித்துவான்களுள் ஒருவரான மகாராஜபுரம் விசுவநாத ஐயர். சபை இசையும் மேடை இசையும் வெவ்வேறு தரத்தன என்று கருதப்பட்ட காலத்தில், சபையின் முதல்வரிசை வித்துவானும் நாடகக் கொட்டகையில் வளர்ந்த பெண்ணும் ஒரே படத்தில் எதிரெதிரே பாடியமை இசை வரலாற்று நோக்கிலும் முக்கியமானது. ஆயினும், படம் எதிர்பார்த்த பாராட்டைப் பெறவில்லை. 'ஆனந்த விகடன்' இதழில் கல்கி எழுதிய மதிப்புரை, படத்தில் மனிதரைக் காட்டிலும் பனைமரமும் எருமையும் நன்கு நடித்திருப்பதாக எள்ளியது. மேடை நடிப்பை அப்படியே ஒளிப்பதிவுக் கருவியின் முன் நிகழ்த்தும் தொடக்ககாலப் படங்களின் பொதுக்குறையை அவ்வெள்ளல் சுட்டியது எனக் கொள்ளலாம். ஆனால் அந்த இதழின் உரிமையாளரான எஸ். எஸ். வாசனே பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் சுந்தராம்பாளை நாயகியாக்கித் தம் பெரும்படங்களுள் ஒன்றை வெளியிட்டார் என்பது வரலாற்றின் சுவையான திருப்பம்.

7. காங்கிரசும் குரலும்

தேசிய இயக்கம் நாடக மேடையைப் பயன்படுத்திய முறை நன்கு ஆராயப்பட்ட பொருளாகும். 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் அரசுக்கு எதிரான நாடகங்களைத் தடுக்க வழிசெய்தமையால், நாடகக் கலைஞர்கள் புராண நாடகங்களுக்குள்ளேயே அரசியலைப் புகுத்தினர். வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டும் காட்சியில் வெள்ளைக் கொக்கு வெள்ளையர் ஆட்சியாயிற்று. அதனைப் பாடியதற்காக விசுவநாததாஸ் பலமுறை சிறை சென்றார். சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் இத்தலைமுறையைச் சேர்ந்தவர்கள். கதராடையும் தேசியப் பாடல்களும் அவர்களுடைய மேடையில் இடம்பெற்றன. காந்தியடிகளைப் போற்றும் பாடல்களைச் சுந்தராம்பாள் இசைத்தட்டுகளிலும் பதிவுசெய்தார்.

காங்கிரசுக்கும் கலைஞர்களுக்கும் இடையே பாலமாக விளங்கியவர் எஸ். சத்தியமூர்த்தி. நடிகர்களைக் 'கூத்தாடிகள்' என்று ஒதுக்கிய படித்த வகுப்பினரிடையே, சுகுண விலாச சபையில் தாமே நடித்தவரான அவர், பாடும் கலைஞரின் அரசியல் வலிமையை உணர்ந்திருந்தார். கிட்டப்பாவின் மறைவுக்குப் பின் ஒதுங்கியிருந்த சுந்தராம்பாளைப் பொதுவாழ்வுக்கு அழைத்தவர்களுள் அவர் முதன்மையானவர். 1937 தேர்தலில் காங்கிரசுக்காகச் சுந்தராம்பாள் ஊர்தோறும் பாடிப் பரப்புரை செய்தார். எழுத்தறிந்தோர் சிறுபான்மையாக இருந்த நாட்டில், கட்சியின் அறிக்கையைவிட அவருடைய பாட்டு நெடுந்தொலைவு சென்றது.

கொடுமுடியில் அவர் இல்லத்துக்கு வந்த காந்தியடிகளுக்குத் தங்கத் தட்டில் உணவு பரிமாறியதாகவும், அத்தட்டும் தமக்கு உண்டோ என அவர் வினவிப் பெற்று ஏலமிட்டு நிதி சேர்த்ததாகவும் ஒரு நிகழ்ச்சி மீண்டும் மீண்டும் சொல்லப்படுகிறது. தேச நிதிக்குப் பொன்னைத் துறந்த பெண்ணின் கதையாகவே அது சொல்லப்படுவது வழக்கம். ஒருகாலத்தில் தொடர்வண்டியில் பாடிய சிறுமியின் இல்லத்தில் தங்கத் தட்டு இருந்தது என்ற உண்மையும் அக்கதைக்குள்ளேயே இருக்கிறது.

1950களில் அவர் சென்னை மாகாணச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். இந்தியத் திரைக்கலைஞருள் சட்டமியற்றும் அவையொன்றில் முதலில் இடம்பெற்றவர் அவரே எனப் பொதுவாகக் குறிக்கப்படுகிறது. தமிழக அரசியலுக்கும் திரையுலகுக்கும் உள்ள உறவைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் திராவிட இயக்கத்திலிருந்து தொடங்குகின்றன. அத்தொடக்கத்தை ஒரு தலைமுறை முன்னே கொண்டுசெல்ல வேண்டும் என்பதற்கும், அதன் தொடக்கத்தில் ஒரு பெண் நின்றார் என்பதற்கும் சுந்தராம்பாளின் வாழ்வே சான்று.

8. மணிமேகலையும் ஔவையும் கவுந்தியும்

நந்தனாருக்குப் பின் அவர் ஏற்ற முதன்மைப் பாத்திரங்களை வரிசைப்படுத்தினால் ஓர் ஒழுங்கு தென்படும். 1940இல் 'மணிமேகலை', 1953இல் ஜெமினியின் 'ஔவையார்', 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள், 1965இல் 'திருவிளையாடல்', 1967இல் 'கந்தன் கருணை' ஆகியவற்றில் மீண்டும் ஔவையார், 1973இல் 'காரைக்கால் அம்மையார்'. கணிகையர் குலத்தில் பிறந்து இளவரசனின் காதலை மறுத்துத் துறவு பூண்டவள், மணவாழ்வு வேண்டாமென இளமையிலேயே முதுமையை வரமாகப் பெற்றவள், சமணத் துறவி, தசையுடம்பை உதறிப் பேயுருவை இறைவனிடம் வேண்டிப் பெற்றவள். தமிழ் இலக்கிய மரபு, இல்லறத்துக்கு வெளியே நின்று சொல்லும் அதிகாரம் பெற்ற பெண்களாக எவரையெல்லாம் போற்றியதோ, அவர்களில் பெரும்பாலோர் இவ்வரிசையில் உள்ளனர்.

இவ்வரிசையைப் பக்திப் படங்களின் வணிகப் போக்கால் மட்டும் விளக்கிவிட இயலாது. ஆடவருக்கு இணையாக நடிப்பதில்லை என்ற நிபந்தனை, வழக்கமான நாயகி வேடங்கள் அனைத்தையும் அடைத்துவிட்டது. எஞ்சிய இடத்தை நிரப்புவதற்குத் தமிழ் மரபிலேயே பாத்திரங்கள் இருந்தன. அவற்றைத் திரைக்குக் கொணரும் தேவையும் வாய்ப்பும் அவருடைய நிபந்தனையால் உருவாயின. ஔவை என்றால் இன்று தமிழர் மனத்தில் தோன்றும் முகமும் குரலும் பெரிதும் சுந்தராம்பாளுடையவை. சங்க காலத்தில் அதியமானைப் பாடிய புலவரும், நீதிநூல்கள் இயற்றியவரும், முருகனுடன் உரையாடும் கதைமாந்தரும் ஒருவரே என்ற மக்கள் நம்பிக்கைக்கு ஔவையார் திரைப்படம் வலுவூட்டியது. இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பல ஔவையரை வேறுபடுத்திக் காட்டிய பின்னரும், அந்த ஒரே உருவம் மக்கள் மனத்தில் அசையாமல் நின்றுவிட்டது.

'பூம்புகார்' இவ்வரிசையில் தனிக் கவனத்துக்குரியது. மு. கருணாநிதியின் எழுத்தில் உருவான அப்படம் திராவிட இயக்கத்தின் பண்பாட்டுப் பார்வையைத் தாங்கியது. காங்கிரசின் மேலவை உறுப்பினராக இருந்தவரும் ஆழ்ந்த முருக பக்தையுமான சுந்தராம்பாள் அதில் சமணத் துறவியாக நடித்தார். கட்சி எல்லையையும் சமய எல்லையையும் அக்குரல் எளிதாகக் கடந்தது. தேசிய இயக்கம், தமிழிசை இயக்கம், திராவிட இயக்கம் ஆகிய மூன்றும் தமக்குரிய குரலாக அவரை ஏற்றுக்கொண்டன. தமிழிசைச் சங்கம் அவருக்கு இசைப்பேரறிஞர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது.

9. பின்னணிக் குரல் காலத்தில்

தமிழ்த் திரைப்படத்தின் முதற் பத்தாண்டுகளில் பாட அறியாதவர் நடிகராதல் அரிது. பின்னணி பாடும் முறை 1940களில் நிலைபெற்ற பின்னர், முகம் ஒருவருடையதாகவும் குரல் மற்றொருவருடையதாகவும் பிரிந்தன. இம்மாற்றம் நாடக மேடையிலிருந்து வந்த பாடும் நடிகர் பலரின் தொழில்வாழ்வை முடித்துவைத்தது. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதா'ஸின் நாயகி டி. பி. ராஜலட்சுமியுடன் ஒப்பிடுவது இங்குப் பயன்தரும். அவரும் ஸ்பெஷல் நாடக மேடையில் வளர்ந்தவர். 1936இல் 'மிஸ் கமலா' படத்தை இயக்கித் தமிழின் முதல் பெண் இயக்குநரானவர். கருவிக்குப் பின்னே சென்று படைப்புரிமையைக் கைக்கொள்ள முயன்றார் ராஜலட்சுமி. கருவியின் முன்னேயே நின்று, தம் குரலைப் பிறிதொன்றால் ஈடுசெய்ய இயலாததாக ஆக்கிக்கொண்டார் சுந்தராம்பாள். முன்னவரின் வழிக்கு முதலீடும் நிறுவனமும் தேவைப்பட்டன. அவை பெண்ணுக்கு நெடுநாள் நிலைக்கவில்லை. பின்னவரின் வழிக்கு உடல்நலமும் குரல்நலமுமே முதலாயின.

1969ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில், 'துணைவன்' படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகி விருது சுந்தராம்பாளுக்கு அளிக்கப்பட்டது. விருதின் பெயரும் அதனைப் பெற்றவரின் கலைமரபும் பொருந்தாதிருந்தன. பிறருடைய முகத்துக்குக் குரல் தருவது பின்னணி. அவரோ தம் முகத்துடனேயே பாடும் மரபின் இறுதிப் பேராளர்களுள் ஒருவர். 1970இல் பத்மஸ்ரீ விருதும் அவருக்கு வழங்கப்பட்டது. கொடுமுடியில் தம் பெயரால் ஒரு திரையரங்கையும் எழுப்பிய அவர், 1980இல் மறைந்தார்.

10. முடிவுரை

சுந்தராம்பாளின் வாழ்வை வெற்றிக் கதையாக முடித்துவிடுவது எளிது. ஆனால் அவர் செலுத்திய விலையையும் கணக்கில் கொள்ளவேண்டும். 27ஆம் வயதில் அவர் திரையில் ஆடவர், 32இல் துறவி, 45இல் மூதாட்டி. தம் வயதையொத்த, விரும்பவும் வெறுக்கவும் உரிமையுள்ள பெண்ணாக அவர் ஒருபோதும் திரையில் தோன்றவில்லை. கொழும்பு மேடையில் வேடனை எதிர்த்துத் தர்க்கம் செய்த வள்ளியை, குறும்பும் சினமும் காதலும் கொண்ட அவ்விளம்பெண்ணை, எந்தப் படச்சுருளும் பதிவுசெய்யவில்லை. 1935க்கு முந்தைய சுந்தராம்பாள் இசைத்தட்டுகளிலும் கடிதங்களிலும் மட்டுமே எஞ்சியுள்ளார். பொதுவெளியில் இருப்பதற்கான உரிமையைத் தமிழ்ச் சமூகம் அவருக்கு வழங்கியது. ஆனால், பெண் என்ற நிலையின் ஒரு பெரும்பகுதியை வாசலில் விட்டுவரவேண்டும் என்ற நிபந்தனையுடன் வழங்கியது. அந்நிபந்தனையை அவர் தம்முடைய நிபந்தனையாக மாற்றிக்கொண்டார் என்பதே அவருடைய ஆற்றல். அத்தகைய நிபந்தனை தேவைப்பட்டது என்பது சமூகத்தின் குறை.

தொடக்ககால நடிகையர் வரலாற்றை எழுதுவோருக்கு இதிலிருந்து சில பணிகள் எஞ்சுகின்றன. வாழ்க்கைத் துணுக்குகளாக வழங்கும் கதைகளில் ஊதியம், ஒப்பந்தம், பயணம் ஆகியவற்றின் தடயங்களைத் தேடவேண்டும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், மியன்மார் ஆகிய நாடுகளின் பழைய தமிழ் நாளிதழ்களிலும் நாடக விளம்பரத் தாள்களிலும் இசைத்தட்டுத் தொகுப்புகளிலும் இந்நடிகையரின் தடங்கள் சிதறிக் கிடக்கின்றன. கடல்கடந்த தமிழரின் நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் அவற்றைத் தொகுத்துக் காப்பது, அச்சமூகங்களின் சொந்த வரலாற்றைக் காப்பதுமாகும். ஔவையின் குரலாக இன்றும் ஒலிக்கும் அக்குரல், ஒருகாலத்தில் வள்ளியின் குரலாகவும் இருந்தது. அதனை முதலில் கேட்டுத் தலையசைத்தவர்களுள் கொழும்புத் தமிழரும் இருந்தனர்.